எனக்கும் அந்தக் கை வருமுங்க

கடையில் ஒருவரிடம் மோட்டார் பேரிங்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது செல்வராஜ் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு ரிமோட் விமானம் விடுகிறவர். "ஏனுங்ணா, நம்ம ஹனீபா பாய் காலையில தவறிட்டாருங்க. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க." எதிரில் நின்றவர் கேட்ட விலைக்கே பேரிங்கைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். முப்பது வருட வியாபாரத்தில் அது அன்று ஒருநாள்தான் நடந்தது. பாய் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். துக்கம் பிறகுதான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் தோன்றியது இதுதான்: இனி என் விமானத்தை யார் இறக்குவார்கள்?

உக்கடத்தில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்த அவரை உங்களில் பாதிப் பேருக்குத் தையல்காரராகத் தெரியும். மீதிப் பேருக்கு, ஆனைமலைப் பக்கத்துத் தரிசில் கழுத்தில் இஞ்சு டேப்போடு வானத்தைப் பார்த்து நிற்கிற மனிதராகத் தெரியும். பீளமேட்டில் நிஜ விமானம் இறங்குகிறது, அங்கே நம் பொம்மையை விட்டால் போலீஸ் வரும். அதனால்தான் அவ்வளவு தூரம் போனோம்.

நான்கு வருடம் முன்பு இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தபோது, கையில் பிடித்து ஓட்டுகிற ரேடியோ, அதாவது டிரான்ஸ்மிட்டர், எது வாங்குவது என்று அவரிடம்தான் கேட்டேன். "சேனல் எத்தனைன்னு பாக்காதீங்க முதலாளி, இது டிவி இல்லீங்க. நாலஞ்சு இருந்தாப் போதும். பக்கத்துல நிக்கறவன் எந்தக் கையில ஓட்டறான்னு பாத்து அதையே வாங்குங்க." ஊரே வாங்குவதை வாங்கச் சொல்கிறவருக்குச் சரக்கு தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

நேராக ஒரு கடைக்குப் போனேன். பத்து சேனல், பாதி விலை. "ஒரே பீஸ்தாங்க, இனிமே வராது" என்றார் கடைக்காரர். தேங்கிய சரக்கைத் தள்ளிவிட நான் தினமும் சொல்கிற அதே வசனம். என்னிடமே ஒருவர் சொன்னார், நானும் நம்பினேன்.

மைதானத்தில் பாய் அதைத் திருப்பிப் பார்த்தார். "முதலாளி, குச்சி மாறிக் கெடக்குதுங்களே!" எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் மோட்டார் வேகம் இடது குச்சியில், மூக்கைத் தூக்குவது வலது குச்சியில். என்னுடையதில் நேர் எதிர். இந்த அமைப்பைத்தான் நாங்கள் 'கை' என்போம். உள்ளே ஸ்பிரிங்கை மாற்றி, இரண்டு பட்டனைத் தட்டினால் சரியாகிவிடும் என்றார். எனக்கு ரோஷம். "எதுக்குங்க பாய்? என்ற சரக்குல குத்தமே இல்லீங்க. நீங்கெல்லாம் தப்பாப் பழகிப்போட்டீங்க." எல்லாரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

அன்றே விமானம் மேலேறித் தள்ளாடியது. பயந்துபோய் ரேடியோவைச் செல்வராஜ் கையில் திணித்தேன். பத்து வருடம் பழகியவர். மூக்கைத் தூக்குவதற்காக வலது குச்சியை இழுத்தார். என் ரேடியோவில் அப்படி இழுத்தால் மோட்டார் நின்றுவிடும். நின்றது. விமானம் போய்த் தென்னை மரத்தின் மண்டையில் உட்கார்ந்தது. எடுக்க ஏறியவர் மேலிருந்து, "ஏனுங்க, அப்படியே ரெண்டு இளநியும் போடட்டுங்களா?" என்று கேட்டார்.

மூன்று வாரம் பாய் மைதானத்துக்கே வரவில்லை. நான்காவது ஞாயிறு வந்து என் இடது பக்கம் நின்றார். "தைரியமா உடுங்க. எனக்கும் அந்தக் கை வருமுங்க. மொதமொத அதுலதான் பழகுனேன்."

அதன்பிறகு அவர் சொல்வது ஒரே வார்த்தைதான், "குடுங்க." கொடுத்துவிடுவேன். ஒருமுறை தோட்டத்துக்கார அம்மா காயப் போட்டிருந்த கொப்பரையை நோக்கி விமானம் தலைகுப்புறப் பாய்ந்தது. பாய் வாங்கி, அந்த அம்மாவின் தலைக்கு மேலே ஆளுயரத்தில் நிமிர்த்திவிட்டார். "இன்னொருக்கா இந்தப் பக்கம் வந்துச்சு, எடுத்து அடுப்புல வெச்சுப்போடுவேன்!" என்று கத்தினார் அந்த அம்மா. "வெய்யுங்க அம்மணி, நல்லா எரியும். முதலாளி பாதி விலைக்கு வாங்குனது!" என்றார் பாய்.

பாய் தவறிய மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மகன் ரியாஸ் தேநீர் கொடுத்துவிட்டு அவருடைய ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தான். எல்லாரும் வைத்திருக்கிற சாதாரணக் கைதான். "அத்தா முதலில் பழகினது என்னோட கைதானே தம்பி?" என்றேன்.

"இல்லீங்க மாமா. அது அத்தாவுக்குத் தெரியவே தெரியாதுங்க. உங்க ஏரோப்ளேன் தென்ன மரம் ஏறுச்சில்லீங்க, அடுத்த நாளே என்ற கம்ப்யூட்டர்ல பறக்கற கேம் போடச் சொன்னாரு. பழைய ரேடியோ ஒண்ணுல குச்சிய மாத்தி அதுல மாட்டி மூணு வாரம் பழகுனாருங்க. அதுவும் யூனிஃபார்ம் சீசன்ல. அம்மா திட்டாத திட்டில்ல. அவரையே மாத்திக்கச் சொல்லலாமுல்லன்னு நான் கேட்டேன். 'அவுரு சரக்க அவுரு மாத்த மாட்டாருடா, நாம மாறிக்கலாம்'னாரு."

தேநீரை ஆறவிட்டுக் குடித்தேன்.

என் ரேடியோவை நான் இன்னும் மாற்றவில்லை, அந்தத் திமிர் போகாது. ஆனால் ஒரு வாரமாக, மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்ததும் கணினியில் எல்லாருடைய கையையும் பழகுகிறேன். போன ஞாயிறு, பீளமேட்டுக் கல்லூரி ஆசிரியை ஒருவர் புதிதாக வந்தார். அவர் விமானம் தள்ளாடியபோது செல்வராஜும் மற்றவர்களும் மைதானத்தின் மறுகோடியில் இருந்தார்கள். அந்த அம்மா ரேடியோவைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தார்.

"குடுங்க அம்மணி. எனக்கும் அந்தக் கை வருமுங்க."

விமானம் சோளக்காட்டில் விழுந்தது. நல்லவேளை, உடைந்தது புரொப்பல்லர் மட்டும்தான்.

"வருமுன்னு சொன்னீங்க?" என்றார்.

பாயிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு பொய்தான். அவர் மூன்று வாரம் பழகி அதை மெய்யாக்கிவிட்டுத்தான் சொன்னார். எனக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.