கண்ட்ரோல்

எம்.டி. ஆய்வுக்கு எனக்கு வழிகாட்டிய பேராசிரியருக்கு மெல்லிய குரல், படிய வாரிய தலை. ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்காமல் எந்த நெஞ்சிலும் வைக்கமாட்டார்.

ஒரு புது இதய மருந்தைச் சோதிக்க, வார்டில் பாதிப் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை கொடுத்தோம். அவர்களுக்குக் ‘கண்ட்ரோல்’ என்று பெயர். அவர்களில் ஒருவர், கொருக்குப்பேட்டையில் மூட்டை தூக்கும் மூட்டைக்காரர், எங்கள் பேச்சைக் கேட்டுப் பூரித்துப்போனார்.

“நம்ம நோவு கண்ட்ரோல்ல கீதாமே டாக்டரே! வூட்ல சொல்லிட்டேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் முந்திக்கொண்டார். “ஆமாப்பா, நீ கண்ட்ரோல்தான்.”

வெளியே வந்ததும் என்னிடம், “உண்மையைச் சொன்னா ஓடிடுவான். அப்புறம் உன் தீசிஸ்?” என்றார்.

மூட்டைக்காரர் செத்துப்போன காலையில், அதை உறுதி செய்யப் பேராசிரியர்தான் வந்தார். சில்லிட்டுப்போன அந்த நெஞ்சுக்காகவும், பாவி மனுஷன், ஸ்டெதஸ்கோப்பைத் தேய்த்துச் சூடாக்கினார்.