கடைசிப் பாயில் தொடங்கிய சமாதானம்

சனிக்கிழமை சாயந்திரமானால் லேயாள் வாசலில் குந்தி, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடரை வைத்து ஈரச் சாக்குத் துண்டால் தேய்ப்பாள். முதலில் ரேகைகள், பிறகு விரலிடுக்கு, கடைசியில் நகக்கண். சாயப்பட்டறை நீலம் முழுதாகப் போகாது, தோல்தான் உரியும். என்றாலும் தேய்ப்பாள். மறுநாள் கோயிலில் அந்தக் கையை இன்னொருத்தியின் கைக்குள் வைக்க வேண்டும்.

நாற்பத்தேழில் பல சபைகள் ஒன்றாகிப் பிறந்த திருச்சபை அது. கர்த்தரின் பந்தியில் சாதியில்லை என்று சொல்லிவந்தது. திருவிருந்துக்கு முன் போதகர் முன்வரிசையில் ஒருவர் கையைத் தம் இரு கைக்குள் பொத்திச் சமாதானம் கொடுப்பார். அது கைமாறிக் கைமாறிப் பின்னால் வரும். முன்வரிசையில் பட்டறை முதலாளி பாக்கியநாதன் குடும்பம். கடைசிப் பாயில் அவரிடம் வேலை செய்யும் பெண்கள். அங்கே வந்து சேர்வதற்குள் விரல்நுனி பட்டும் படாமலும் ஆகிவிடும்.

அறுபத்தேழில் ஒருநாள், தொட்டிமேல் போட்டிருந்த பலகை முறிந்து, லேயாளோடு வேலை செய்த மயிலாள் கொதிக்கிற சாயத்தில் விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிற்று. அவள் கவனக்குறைவு என்றார் முதலாளி. இற்றுப்போன பலகை முறிந்ததைப் பார்த்தவள் லேயாள் ஒருத்திதான். திங்கட்கிழமை லேபர் ஆபீசில் விசாரணை. உள்ளதைச் சொல் என்றார் போதகர். சொன்னால் வேலை இல்லை என்று ஆள் அனுப்பினார் முதலாளி.

பஞ்சுத்தூசியில் நெஞ்சு கெட்டு வீட்டோடு கிடந்த புருஷன் சீமோன் சீறினான். “வேதத்துல வர்ற தெபோராள்னு நெனப்பா உனக்கு? நியாயந் தீர்க்கப் போறயாக்கும்?”

“பலகை முறிஞ்சத நான் பாத்தனுங்களே.”

“பாத்தா? உன்ற கண்ணையா ஒலையில போட்டுத் திங்கறது?”

ஞாயிறன்று போதகர் பீடத்திலிருந்து இறங்கினார். பாக்கியநாதன் கையை நீட்டியாயிற்று. போதகரோ அவரைத் தாண்டிக் கடைசிப் பாய்க்கு நடந்தார்.

“ஐயா வழி தப்பீட்டாராட்ட இருக்குது புள்ள” என்று கிசுகிசுத்தாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரக்காள்.

அவர் லேயாளின் கையைப் பொத்தினார். அன்று சமாதானம் பின்னாலிருந்து முன்னே போயிற்று. முதலாளி மனைவி கையை முந்தானையால் மூடிக்கொண்டு வாங்கினாள். லேயாள் அதைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஆபீசரிடம் சொல்லிவிட்டாள். “பலகை இத்துப்போயிருந்துச்சுங்க. மாத்துங்கன்னு சொல்லீட்டேதானுங்க இருந்தோம்.”

மயிலாளுக்கு நஷ்டஈடு கிடைத்தது. பழைய நடை கிடைக்கவில்லை. வேலை போய்விட்டதென்றே நினைத்துப் பட்டறைக்குப் போன லேயாளை யாரும் தடுக்கவில்லை. முதலாளியின் மனசைக் கர்த்தர் தொட்டுவிட்டார் என்று கடைசிப் பாயில் பேசிக்கொண்டார்கள். அவளும் பாதி நம்பினாள். அடுத்த மாதமே போதகரை மலையடிவாரத்துச் சபை ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பியபோது ஊரே வந்து நின்றது. சீமோன் மட்டும் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். புதிதாக வந்தவர் முன்வரிசையிலிருந்தே தொடங்கினார்.

சீமோனை அடக்கம் செய்த பிறகுதான் மாரக்காள் சொன்னாள். விசாரணை முடிந்த அன்றே அவன் முதலாளியின் காரில், போதகர்களை மாற்றும் அதிகாரமுள்ள பேராயரிடம் போய், அந்தப் போதகர் வேண்டாம் என்று ஏழைகள் சார்பில் அழுது கேட்டிருக்கிறான். லேயாளின் வேலை போகாமலிருக்க முதலாளியோடு பேசிய பேரம் அதுதான். காரை ஓட்டிப்போனவன் மாரக்காளின் தம்பி.