மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பக் கூடாது

மருமகனின் மோட்டார்சைக்கிள் ஒழுங்கை முடக்கில் திரும்பும் சத்தம் கேட்டதும் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். மகளுக்குக் கலியாணம் முடித்துக் கொடுத்து ஒன்றரை வருடம். இது ஒரு நாளும் தவறியதில்லை. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதில்லை, நேரே முகம் பார்த்துக் கதைப்பதுமில்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வோம், பக்கத்தில் நிற்கிறவருக்கு அது கேட்கும். "மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு புள்ள" என்பேன். "மாமியிட்டச் சொல்லு, போதும்" என்பார் அவர், மகளைப் பார்த்து. மூன்று பேரும் ஒரே குசினிக்குள்தான் நிற்போம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இதனால் எங்கள் வளவுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை.

வீடு மகளுடையது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தால்தான் குருக்கள்மடத்தில் கலியாணப் பேச்சை எடுக்கலாம். மாப்பிள்ளை வந்தாறுமூலைப் பக்கம். பட்டணத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. உடுப்புப் பெட்டியோடு வந்து எங்கள் வளவுக்குள் குடியேறினார். நானும் என் புருஷனும் பின்வளவில் ஓர் அறையும் குசினியுமாகச் சின்ன வீடொன்று கட்டிக்கொண்டு போனோம். பெரிய வீட்டுக் குசினி வாசலிலிருந்து மூன்று படி இறங்கி நாற்பது கவடு நடந்தால் என் வாசல். போகும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: கொடுத்த வீட்டில் இனிக் கால் நீட்டிப் படுக்கக் கூடாது. பகலில் வருவேன், மகளோடு இருந்து கறிக்கு ஆய்ந்து கொடுப்பேன், ரிவியில் நாடகம் பார்ப்பேன், ஆறு மணிக்கு அவர் வந்தால் குசினி வழியாக என் வீட்டுக்குப் போய்விடுவேன்.

கார்த்திகை மழை அடித்த ஒரு நாள் அவர் நாலரைக்கே வந்துவிட்டார். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் ஹோல் நடுவில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். மழை இரைச்சலில் முடக்குச் சத்தம் கேட்கவில்லை. கேட்டபோது மோட்டார்சைக்கிள் வாசலுக்கே வந்துவிட்டது. சுளகைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஐம்பத்தாறு வயதில், மருமகன் முகத்தில் முழிக்கக் கூடாதென்று ஓர் ஓட்டம். கலியாணத்துக்கென்று ஆசைப்பட்டுப் பதித்த மாபிள், குசினி வாசலில் தூவானம் பட்டு நனைந்து கிடந்தது. வலது கால் முன்னால் போனது, உடம்பு பின்னால் கிறுகியது, முழங்கால் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

விழுந்து கிடந்தபடி நான் முதல் செய்த வேலை, சீலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடியது. அவர் ஹெல்மெட்டோடு முன்வாசலில் நின்றார். என்னைத் தொட்டுத் தூக்கவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. "புள்ள! புள்ள! கெதியா வா!" என்று குளியலறைப் பக்கம் பார்த்துக் கத்தினார். நான் ஒரு முனகல்கூட விடவில்லை. மகள் ஈரத்தலையோடு ஓடி வருமட்டும், சிந்திய முருங்கையிலைக்கு நடுவில் நான், வாசலில் அவர். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் கொடியில் உடுப்பு எடுக்க ஓடினேன் என்று சொன்னேன். அவர் அதை மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை.

எலும்பு உடையவில்லை, உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆறு கிழமையில், அதாவது ஒன்றரை மாதத்தில், நடக்கலாம் என்றும் சொன்னார்கள். என் சின்ன வீட்டில் குந்துகிற கக்கூஸ். பெரிய வீட்டில்தான் கொமட் இருக்கிறது. மருமகனுக்கென்று நான் சண்டை பிடித்துப் பூட்டுவித்த கொமட். அதுவரை நான் அதில் ஒரு நாளும் இருந்ததில்லை. என் புருஷனோ வாவிக்கு அப்பால் படுவான்கரை வயலில். பெரும்போகம் விதைத்தால் அறுவடை வருமட்டும் வயல்வட்டையில் வாடிக் குடில் போட்டு யானைக்குக் காவல் இருப்பார். ஆகவே என் கட்டிலைத் தூக்கிவந்து பெரிய வீட்டு ஹோலில் போட்டார்கள். கால் நீட்டிப் படுக்கக் கூடாதென்று நினைத்த வீட்டில், தலையணை வைத்துக் கால் நீட்டிவிட்டாள் மகள்.

இனி அந்த வீட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். முன்வாசல் ஹோலுக்குள் திறக்கும். மகளும் மருமகனும் படுக்கும் அறையின் கதவும் ஹோலுக்குள்தான் திறக்கும். மற்ற அறையில் நெல் மூட்டை. அதாவது அந்த மனிசன் தன் அறைக்குப் போக வேண்டுமானால் என் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். எழும்பிப் போக எனக்குக் கால் இல்லை. எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: பெட்சீற்றை இழுத்து முகத்தை மூடி நித்திரை போலக் கிடப்பது.

மூடிக் கிடந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. பின்னேரம் ஆறு மணி தொடக்கம் விடிய அவர் வேலைக்குப் போகுமட்டும். பெட்சீற்றுக்குள் வேர்க்கும், மூக்கு அரிக்கும், இருமல் வரும். சொறிந்தால் முழித்திருப்பது தெரிந்துவிடுமென்று அடக்குவேன். நித்திரை போல நடித்து நடித்து உண்மையான நித்திரை என்னை விட்டுப் போய்விட்டது. அவரும் முன்வாசலை விட்டுவிட்டார். குசினி வழியாக வருவார், சுவர் ஓரமாகத் தரையைப் பார்த்தபடி அறைக்குப் போவார். கிரிக்கெட் என்றால் உயிரை விடுகிற மனிசன், ரிவி என் தலைமாட்டில் இருந்தபடியால் குசினிக்குள் நின்று போனில் பார்த்தார். சொந்த வீட்டில் கள்ளனைப் போல அவரை நடக்க வைத்தது என் முழங்கால்.

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது, அவர் எப்போது வருவார் என்று தெரியாமல் போனது. முந்தி முடக்கிலேயே கேட்கும் சத்தம் இப்போது கேட்பதேயில்லை. திடீரென்று குசினியில் செருப்புச் சத்தம் கேட்கும். நான் அவசரப்பட்டுப் பெட்சீற்றை இழுப்பேன், முழங்கால் உயிர் போக நோகும். வேணுமென்றுதான் இப்படிப் பூனைபோல வருகிறார் என்று மனதுக்குள் திட்டுவேன்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பிஸ்கட் பெட்டியும் ஆளுக்கொரு கதையும் கொண்டுவந்தார்கள். "என்ட மச்சாளுக்கும் இப்பிடித்தான் கா வந்த. மறுகா அவ நடக்கவேயில்ல" என்றாள் பக்கத்து வளவுக்காரி, என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே. ஆறுதல் சொல்ல வந்தாளாம். கால் எப்படி என்று கேட்ட எல்லாருக்கும் பரவாயில்லை என்றேன். புருஷன் போன் எடுத்தாலும் அதையேதான் சொன்னேன். அவர் பயிரின் கதையைச் சொல்வார். நெல்லு குடலையாம், பிறகு கதிராம், பிறகு பால் பிடித்துவிட்டதாம். பயிருக்கு வயது ஏறிக்கொண்டே போனது. என் முழங்கால் விழுந்த அன்று இருந்தபடியே இருந்தது.

ஆறு கிழமை முடிந்து பார்த்தால் கால் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பெண்பிள்ளை தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "அசைக்காம வெச்சு வெச்சு விறைக்க வெச்சிட்டீங்களே அம்மா. ஏன் இப்பிடி மரக்கட்ட மாதிரிக் கிடந்தீங்க?" ஏனென்று அவளுக்கு எப்படிச் சொல்வது? பெட்சீற்றுக்குள் அசையாமல் கிடப்பதற்கு வேறு காரணம் இருந்ததென்று சொல்ல வெட்கமாக இருந்தது. குதிக்காலைக் கட்டிலில் இழுத்து இழுத்து மடக்கச் சொன்னாள். நொந்தாலும் விட வேண்டாம் என்றாள். பகலில் செய்தேன். ஆறு மணியானால் மரக்கட்டையானேன்.

தைப்பொங்கலுக்கு மகள் முற்றத்தில் பானை வைத்தாள். நான் கட்டிலில் இருந்தபடி புகையை மட்டும் பார்த்தேன். பொங்கி வழிந்தபோது மருமகன் சிரித்த சத்தம் கேட்டது. உள்ளே வரும்போது அந்தச் சிரிப்பு குசினி வாசலோடு நின்றுவிட்டது.

அன்று பின்னேரம்தான் அதைக் கேட்டேன். முகத்தை மூடிக் கிடக்கிறேன். அவர் குசினியில் நின்று தன் தாயோடு போனில் கதைக்கிறார். "கொஞ்ச நாளைக்கு அங்க வந்து நிக்கட்டா அம்மா? ... இல்ல, அவ இங்கதான். நான் மட்டும்தான் வாறன்."

எங்கள் ஊரில் கலியாணம் கட்டிய ஆம்பிளை தாய் வீட்டில் போய் நின்றால், பெண்பிள்ளை வீட்டில் என்ன குறை என்றுதான் ஊர் முதலில் கேட்கும். குறை நான்தான். ஹோல் நடுவில் கட்டில் போட்டுக் கிடக்கிறது குறை. இரண்டு மாதம் பொறுத்த மனிசன், இனி முடியாதென்று வெளிக்கிடுகிறார். என் மகளின் வாழ்க்கை என் முழங்காலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் மகள் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். என் சின்ன வீட்டுக்குப் போய்விட வேண்டும். கக்கூசுக்கு என்ன செய்வதென்று பிறகு யோசிக்கலாம். குசினி வாசலுக்கு வந்து முதல் படியில் காலை வைத்தேன். முழங்கால் என்னுடையதல்லாத மாதிரி ஒரு பக்கம் வழுகிப் போனது. வாசல் நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இறங்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. எதிரில் என் வீட்டுக் கதவு தெரிகிறது, நான் பூட்டிய பூட்டுத் தெரிகிறது. மகள் வந்து ஏசி ஏசிக் கூட்டிக்கொண்டு வருமட்டும் அப்படியே நின்று அழுதேன். ஏன் போனீங்க என்று கேட்டதற்கு, காற்று வாங்க என்றேன்.

அதற்குப் பிறகு மகள் என்னைத் தனியே கட்டிலில் விடுவதில்லை. பின்னேரத்தில் யன்னலோரம் ஒரு கதிரையைப் போட்டு, தான் கண்ணுக்கு முன்னால் நின்று பயிற்சி செய்வித்தாள். யன்னலால் பார்த்தால் ஒழுங்கை தெரியும், முடக்குத் தெரியும். முதல் நாள் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மருமகன் முடக்கில் வந்தார். மோட்டார்சைக்கிளை நிற்பாட்டினார். இறங்கி, அதை உருட்டத் தொடங்கினார். மழைக்குக் குழம்பிக் கிடந்த மணலில் சில்லுப் புதைகிறது. சேட்டெல்லாம் சீமெந்துத் தூசு, ஹெல்மெட்டும் தலையில். குனிந்து தள்ளித் தள்ளி வருகிறார். பெற்றோல் முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தபடி, மகளைப் பிடித்துக் கட்டிலுக்கு மாறி முகத்தை மூடிக்கொண்டேன். அடுத்த நாளும் உருட்டினார். மூன்றாம் நாளும்.

"மோட்டார்சைக்கிள் பழுதா புள்ள?"

மகள் என் குதிக்காலை இன்னொரு தரம் இழுத்து மடக்கினாள். "சொல்லக் கூடாதெண்டவர்" என்றாள் பிறகு. "பழுதில்லம்மா. நீங்க விழுந்த நாளில இருந்து அவர் முடக்கில நிப்பாட்டி உருட்டிக்கொண்டுதான் வாறார். சத்தம் கேட்டா நீங்க எழும்பிருவீங்களாம்."

"தாய் வீட்டுக்குப் போகப் போறாராமே?"

"அதும் உங்களுக்காகத்தான். ஆறு மணிக்கே முகத்த மூடிர்றீங்க. நித்திரையில்லாமக் கிடக்கிறீங்க எண்டு அவருக்குத் தெரியும். தான் இல்லாட்டி மாமி மூடாமப் படுப்பா எண்டு சொல்றார்."

எனக்கு முதல் வந்தது, என்னிடம் சொல்லாமல் விட்டார்களே என்ற கோபம்தான். இரண்டு மாதத்துக்கு மேல் அந்த மனிசன் மணலில் வண்டி உருட்டுகிறார், நான் பெட்சீற்றுக்குள் கிடந்து அவரைப் பூனை என்று திட்டுகிறேன். உடுப்பு எடுக்க ஓடினேன் என்ற என் பொய்யை ஊரெல்லாம் நம்பியது. அவர் ஒருவர்தான் எனக்காக நம்பியது போல இருந்திருக்கிறார். கோபம் போனபின் வெட்கம் வந்தது. அது போகவில்லை.

அன்று பெட்சீற்றைத் தொடவில்லை. கட்டில் விளிம்பில் இருந்தேன். குசினியால் வந்தவர், என் முகம் திறந்திருக்கக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த மகளின் கையும் நின்றது.

"மருமகன்" என்றேன். ஒன்றரை வருடத்துக்கு மேல் அவரைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். அவரிடம் சொன்ன முதல் சொல் அது. "நாளைக்கு மோட்டார்சைக்கிள உருட்டாம ஓடிக்கொண்டு வாங்க. முன்வாசலால வாங்க. நான் எழும்ப மாட்டன்."

அவர் தரையைப் பார்த்தபடி, "சரி மாமி" என்றார்.

சொல்வது சுகம். அடுத்த நாள் முடக்கில் அந்தச் சத்தம் கேட்டதும் என் இரண்டு கையும் தாங்களாகவே கட்டிலை ஊன்றின. தொடை இறுகியது, முழங்காலுக்குள் கத்தி போட்டது போல ஒரு நோவு. சத்தம் ஒழுங்கையால் வருகிறது, வளவுக்குள் வருகிறது, எழும்பு எழும்பு என்கிறது உடம்பு. கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்பிள்ளை எத்தனையோ பயிற்சி தந்தாள். எழும்பாமல் இருப்பதைப் போலக் கஷ்டமானது அதில் ஒன்றும் இல்லை.

சத்தம் வாசலில் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவர் முன்வாசலில் நின்றார். அன்று நின்ற அதே இடம். நான் கால் நீட்டி, முகம் திறந்து, இருந்தபடி இருந்தேன்.

"கால் எப்பிடி மாமி?" என்றார். மகளிடம் அல்ல, என்னிடம்.

"நோகுது மருமகன்" என்றேன். "நல்லா நோகுது."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.