முசஃபாவில் ஒரு பிந்துசாரர்

நாகலிங்கத்தைக் கிரீடம் செய்து தரத்தான் கூப்பிட்டோம். நடிக்க அல்ல.

அபுதாபியை ஒட்டிய தொழிற்பேட்டையான முசஃபாவில் உள்ள எங்கள் தமிழர் கூட்டத்தின் ஆண்டு விழாவுக்காக, மௌரியப் பேரரசைப் பற்றி ஒரு நாடகம் போடுவதென்று முடிவாகியிருந்தது. எழுதியவர் கௌரிசங்கர். ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் கணக்கு பார்ப்பவர், சரித்திரப் பித்து பிடித்தவர். திரை இழுப்பதும் சங்கு ஊதுவதும் என் பொறுப்பு. அதனால் ஒத்திகை எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

நாகலிங்கம் செந்துறைப் பக்கத்து ஆள். கராஜில் டென்டர். இடிபட்டு வரும் கார்களின் தகட்டைத் தட்டி நிமிர்த்துவது வேலை. ஐம்பதைத் தாண்டியவர், ஒரு தோள் மற்றதைவிடச் சற்று இறங்கியிருக்கும். தகட்டை வெட்டி வளைத்து, ஏதோ ஒரு காருக்கு அடித்து மிஞ்சிய பொன்னிறப் பெயிண்டைப் பூசி, கிரீடத்தோடு வந்து நின்றார். அளவு சரியா என்று பார்க்கத் தன் தலையிலேயே வைத்துக் காட்டினார். கௌரிசங்கர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணே, நீங்கதான் பிந்துசாரர்."

"அது யாரு?"

"சந்திரகுப்தரோட மகன். அசோகரோட அப்பா."

"அவரு என்னா செஞ்சாரு?"

கௌரிசங்கர் யோசித்தார். "இருபத்தஞ்சு வருஷம் ஆண்டாரு. அப்பா சேத்து வச்ச ராஜ்யத்தைக் கைவிடாம காப்பாத்தி மகன்கிட்ட விட்டுட்டுப் போனாரு. பெருசா யாரும் அவரைப் பத்திப் பேசுறதில்ல."

"அப்ப சரி. அது எனக்கு வரும்" என்றார் நாகலிங்கம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கௌரிசங்கரின் கம்பெனி கோடவுனில் ஒத்திகை நடக்கும். முதல் பாதி முழுக்க சந்திரகுப்தர். பிறப்பு இன்னதென்று உறுதியாகத் தெரியாத ஒரு வாலிபன், சாணக்கியரின் மூளையைத் துணைக்கு வைத்துக்கொண்டு நந்தர்களிடமிருந்து மகதத்தைப் பறிக்கிறான். அலெக்சாண்டரின் தளபதி செல்யூகஸ் சிந்துவைத் தாண்டி வந்தபோது அவனைத் தடுத்து நிறுத்தி, மேற்கே பெரிய நிலப்பரப்பை வாங்கிக்கொள்கிறான். கடைசியில் சிம்மாசனம் சலித்துப்போய், சமண முனிவர்களோடு தெற்கே நடந்து, சிரவணபெளகொளாவில் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டதாகச் சமணர் கதை.

"எல்லாத்தையும் விட்டுட்டு நடந்துட்டாரா?" என்று அந்த இடத்தில் மட்டும் நாகலிங்கம் கேட்டார். "யாரும் மறிக்கலியா?"

"ராஜாவை யாரு மறிப்பா அண்ணே?"

"புள்ள மறிச்சிருக்கலாம்."

பிந்துசாரருக்கு இரண்டே காட்சிகள். ஒன்று, கிரேக்க அரசனுக்கு அவர் ஆள் அனுப்புவது. இனிப்பான மதுவும் உலர்ந்த அத்திப்பழமும் ஒரு தத்துவ அறிஞரும் விலைக்கு வேண்டும் என்கிறார். மதுவும் பழமும் அனுப்புகிறோம், அறிஞர்களை எங்கள் நாட்டில் விற்பதில்லை என்று பதில் வருகிறது. கிரேக்கர்களே எழுதி வைத்த சங்கதி இது. அந்தக் காட்சி நாகலிங்கத்துக்குப் பிடித்திருந்தது. நிஜ அத்திப்பழத்தையே கடையில் வாங்கி வந்து மென்றுகொண்டே பேசுவார்.

இரண்டாவது காட்சிதான் சிக்கல். பிந்துசாரர் மரணப் படுக்கையில் கிடக்கிறார். மூத்த மகன் சுசீமன் தட்சசீலத்தில் இருக்கிறான். அமைச்சர் ராதகுப்தர் அசோகனை அலங்கரித்துக் கூட்டி வந்து, இவனுக்கு முடி சூட்டுங்கள் என்கிறார். அரசருக்கு அசோகனைப் பிடிக்காது. முடியாது என்று கத்தி, ரத்தம் கக்கிச் சாகிறார். பழைய பௌத்தக் கதை ஒன்றிலிருந்து கௌரிசங்கர் எடுத்தது.

அசோகனாக டெனிஷ், குளச்சல்காரன், வெல்டர். ராதகுப்தராக சுஐபு, கீழக்கரைக்காரர், தையல் கடை வைத்திருப்பவர். எல்லோருக்கும் உடை தைத்துக் கொடுத்ததும் அவர்தான். "என் கண் மூடும்வரை இந்த முடி உன் தலையில் ஏறாது" என்று நாகலிங்கம் சொல்ல வேண்டும். சொன்னார், பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்பதுபோல.

"கோவம் வரணும் அண்ணே!" என்று கௌரிசங்கர் தவித்தார்.

"நிக்கிறது புள்ள. அவன்கிட்ட எப்புடிங்க வேணாம்னு கத்துறது?"

அந்த நாள்களில் அவருக்கு வீட்டிலிருந்து அடிக்கடி போன் வந்துகொண்டிருந்தது. மகன் அன்பரசன் ஏசி மெக்கானிக் படிப்பு முடித்து திருச்சியில் வேலையில் இருந்தான். அபுதாபி வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். நாகலிங்கத்தின் அப்பா அந்தக் காலத்தில் சவூதிக்கு, ஜுபைல் துறைமுகம் கட்டப் போனவர். இடுப்பு ஒடிந்து திரும்பினார். அதன் பிறகு நாகலிங்கம் விமானம் ஏறினார். தன்னோடு இது முடிய வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். அதை மகனிடம் சொல்லத்தான் அவரால் முடியவில்லை.

ஒருநாள் ஒத்திகை இடைவேளையில் மனைவி பூவாயி ஸ்பீக்கரில் அழுதது எங்களுக்கெல்லாம் கேட்டது. "அவன் டிக்கெட்டு போட்டுட்டான். நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"குடு அவன்கிட்ட" என்றார். மகன் வந்ததும் இவர் குரல் மாறிவிட்டது. "வா சாமி. விசிட் விசாவுல வந்து பாரு. பிடிச்சா இரு." போனை வைத்துவிட்டு, கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அந்த மாதம்தான் அல் ஐன் பக்கம் ஆலங்கட்டி மழை கொட்டியது. எலுமிச்சங்காய் அளவு கட்டிகள். நிறுத்தி வைத்திருந்த கார்களின் பானெட், கூரை எல்லாம் அம்மை போட்டது போல ஆகிவிட்டன. முசஃபா கராஜ்களின் வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றன. டென்டர்களுக்கு லீவும் இல்லை, ஓய்வும் இல்லை. நாகலிங்கம் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகினார். நாடகத்துக்கு வேறு ஆள் போடலாமா என்று கேட்டோம். "ரெண்டு காட்சிதான? வந்துருவன்" என்றார்.

அன்பரசன் வந்து இறங்கியபோதும் அவரால் விமான நிலையத்துக்குப் போக முடியவில்லை. டெனிஷ் போய் அழைத்து வந்தான். நேரே கராஜுக்குத்தான் கூட்டிப் போனான். நெட்டையான பையன், பெட்டியைப் பிடித்தபடி வாசலில் நின்றான். ஒரு காரின் கதவுக்கு உள்ளிருந்து தட்டிக்கொண்டிருந்த அப்பாவை அவனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லையாம்.

விழா அன்றைக்கும் அவருக்கு டியூட்டி இருந்தது. மேடை ஏற வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னால்தான் ஓடி வந்தார், முடியெல்லாம் பட்டி தேய்த்த வெள்ளைத் தூள். சுஐபு அவரைப் பார்த்துவிட்டு, "நோயாளி ராஜாக்கு மேக்கப்பே வேணாம்" என்றபடி அங்கியை மாட்டிவிட்டார்.

அத்திப்பழக் காட்சிக்குக் கைதட்டல் விழுந்தது. மூன்றாவது வரிசையில் அன்பரசன் எழுந்து நின்று தட்டினான்.

பிறகு மரணப் படுக்கை. பழைய பஸ் ஒன்றின் நீள சீட்டுக்குச் சிவப்பு வெல்வெட் போர்த்தி வைத்திருந்தோம். நாகலிங்கம் படுத்தார். அமைச்சர்கள் வாதாடினார்கள். கௌரிசங்கர் எழுதிய வசனங்கள் நீளமானவை. மகதம் யாருக்கு, தட்சசீலத்தில் கலகம் என்ன ஆயிற்று, சுசீமன் ஏன் மூத்த அமைச்சரின் தலையில் அடித்தான் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ராதகுப்தர் அசோகனை முன்னால் நிறுத்தி, "மன்னா, தங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்டார்.

பதில் இல்லை.

சுஐபு இன்னும் உரக்கக் கேட்டார். அங்கியில் குத்தியிருந்த மைக்கில் மெல்லிய குறட்டை வந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். பிறகு அது தானாகவே அடங்கிப்போனது. அரங்கில் இருந்தவர்களில் பாதிப்பேர் அன்று வேலை முடிந்து நேராக வந்தவர்கள்.

டெனிஷ் வசனத்தைத் தேடவில்லை. தோளில் கிடந்த பட்டுத் துணியை எடுத்து நாகலிங்கத்தின் காலை மூடினான். "தந்தை களைத்திருக்கிறார். எழுப்ப வேண்டாம்" என்றான். சுஐபு தயங்கி, கிரீடத்தை எடுத்து அவன் தலையில் வைத்தார். கௌரிசங்கர் பக்கத் திரைக்குப் பின்னால் தலையில் கை வைத்து நின்றார். நான் திரையை இழுத்துவிட்டேன்.

கைதட்டல் சத்தத்தில்தான் நாகலிங்கம் விழித்தார். பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"என் வசனம்?"

"முடிஞ்சு அண்ணே" என்றான் டெனிஷ்.

"சொல்லிட்டனா?"

டெனிஷ் தன் தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றினான். அவருக்குப் புரிந்துவிட்டது. அங்கியைக் கழற்றி மடித்து சுஐபு கையில் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

படுதாக்களை பிக்கப்பில் ஏற்ற நான் வந்தபோது, அப்பாவும் மகனும் பார்க்கிங் ஓரக் கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் இருப்பது தெரிந்தும் அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை.

"லீவுல வந்தா எனக்கு முன்னாடி எந்திரிச்சிருவீங்க" என்றான் அன்பரசன். "வயலுக்குப் போவீங்க, கடைக்குப் போவீங்க, மாமா வீட்டுக்குப் போவீங்க. நீங்க தூங்கி நான் பாத்ததே இல்லப்பா."

"லீவுல வந்து தூங்குனா லீவு போயிருமே."

பிறகு நாகலிங்கம் சொன்னார். மேடையில் வராத குரல் அது. "நீ போயிரு. இங்க வேணாம். உங்கம்மாகிட்ட போ."

"நீங்க போங்கப்பா. போதும். நான் இருந்து பாத்துக்கிறன்."

நாகலிங்கம் அவனைத் திரும்பிப் பார்த்தார். "எங்கப்பன்கிட்ட நானும் இதேதான்டா சொன்னேன்."

நான் பிக்கப்பை எடுத்து வந்து அவர்களை ரூமில் விட்டேன்.

கௌரிசங்கர் இரண்டு மூன்று நாள் முறைத்துக்கொண்டிருந்தார். அரசர் மறுக்காமலே அசோகனுக்கு முடி சூட்டியாயிற்று, சரித்திரத்தையே கெடுத்துவிட்டோம் என்பது அவர் வருத்தம். சுஐபுதான், "அவரு வேணாம்னு சொன்னப்பவும் அசோகன்தானே ராஜாவானான்?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தார்.

அன்பரசனுக்கு மேற்கே வெகுதூரத்தில் இருக்கும் ருவைஸில் வேலை கிடைத்தது. ஏசி பராமரிப்பு, கேம்ப்பில் தங்க வேண்டும். நாகலிங்கம் தடுக்கவில்லை. ஊருக்குப் போய்விடுங்கள் என்று மகன் தினமும் கெஞ்சினான். ஒரு வாரம் யோசித்துவிட்டு, அவன் காலூன்றட்டும், அதன்பின் பார்க்கலாம் என்று கான்ட்ராக்டைப் புதுப்பித்தார். பூவாயி அதன் பிறகு இருவரிடமும் சில நாள் பேசவில்லை.

கிளம்பும் நாளில் கம்பெனி வேன் கராஜ் இருந்த தெருவழியாக வந்தது. அன்பரசன் டிரைவரிடம் சொல்லி நிறுத்தினான். நாகலிங்கம் சுத்தியலோடு வெளியே வந்தார். கை முழுக்கக் கறுப்பு. மகனின் புதுச் சட்டையைத் தொடாமல் சற்றுத் தள்ளி நின்றார்.

"வர்றன்பா."

"தண்ணி நெறயக் குடி. வெயில்ல கூரை மேல ஏறாத. ஃபோர்மேன் ஏறச் சொன்னாலும் மத்தியானத்துல ஏறாத."

"சரிப்பா."

"யல்லா பாய், ஜல்தி" என்று டிரைவர் ஹாரன் அடித்தார்.

வேன் சிக்னலைத் தாண்டி மறையும்வரை அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே ஒரு கஸ்டமர் காருக்காகக் காத்திருந்தார். நாகலிங்கம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அந்தக் காரின் பானெட்டைத் திறந்தார்.