சாவி இல்லாத பீரோ

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் தனியார் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் கணவர் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். இரண்டு சம்பளத்தையும் சேர்த்தாலும் மாதக் கடைசி வாரம் இழுபறிதான். அந்த இழுபறியில் எனக்கு ஒரு ருசி இருந்தது என்பதை வெட்கமில்லாமல் சொல்வேன். களக்காட்டிலிருந்து வரும் வாழைத்தாரில் சீப்பை விட்டு உதிர்ந்த பழங்களை மார்க்கெட்டில் தனியாகக் கூறு வைத்திருப்பார்கள். ருசியில் ஒரு வித்தியாசமும் கிடையாது, விலை பாதி. போர்வை, சமுக்காளத்தை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறைக்குக் கொண்டுபோய் ஆற்றில் துவைப்போம். வீட்டு அடிபம்பில் உப்புத் தண்ணீர், நுரையே வராது. தாமிரபரணியில் பாதிக் கட்டி சோப்புக்கு அத்தனை துணியும் வெளுத்துவிடும்.

அந்த வருஷ ஐப்பசி மழையில், அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்த என் கல்யாணப் பட்டுச்சேலையின் முந்தானையை எலி கடித்துவிட்டது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. புது இரும்பு பீரோ விலை கேட்கப் போனோம். தவணையில் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். தவணை என்றாலே எனக்கு ஆகாது. வெறுங்கையோடு திரும்பினோம்.

கொஞ்ச நாளில் கணவர் ஒரு சேதி கொண்டுவந்தார். ஜங்ஷன் பக்கம் ஒரு மருந்து மொத்த வியாபாரி கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போகிறாராம். கடைக்கு மேலேயே அவர் குடியிருந்த வீடு. அந்த வீட்டுச் சாமான்களைச் சனிக்கிழமை ஏலம் விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போனேன். ஆளுயர பீரோ ஒன்று சுவரோரம் நின்றது. சாவி தொலைந்து எத்தனையோ வருஷம் ஆயிற்றாம். வந்தவர்கள் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

"பூட்ட உடைச்சா கதவு போச்சு. இது இரும்புக் கடைக்குத்தான்," என்றார் ஒருவர்.

நான் பின்பக்கம் கையை விட்டுத் தடவினேன். துரு இல்லை. விரலை மடக்கித் தட்டினேன். கனத்த தகடு. மூலையைப் பிடித்து அசைத்தேன். அசையவில்லை. நீள அகலத்தைக் கையாலேயே சாண் போட்டு அளந்துகொண்டேன்.

வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குடை விரித்து உட்கார்ந்து சாவி செய்கிறவர் ஒருவர் உண்டு. "அண்ணாச்சி, ஒரு பூட்டப் பாக்கணும். பத்து நிமிஷம் வாரியளா?" என்று கூட்டிவந்தேன். அவர் சாவித் துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பூட்டுக்கு ஒண்ணும் இல்ல. சாவிதான் இல்ல. அரை மணி நேரத்துல செஞ்சிருவேன்."

"உடைக்க வேண்டாமே?"

"எதுக்கு உடைக்கணும்? பைய ஒரு சாவிய ராவி எடுத்திரலாம்."

"சத்தமாச் சொல்லாதிய, அண்ணாச்சி."

"நான் யாருட்ட சொல்லப் போறேன் தாயி," என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் தையல் டேப்பை எடுத்து மாடிப்படியின் அகலத்தையும் வாசற்படியின் உயரத்தையும் அளந்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஏலத்தில் பெண்கள் என்று பார்த்தால் நானும் இன்னும் இரண்டு பேரும்தான். "உள்ள என்ன கெதியில இருக்கோ. யோசிச்சுக்கோ," என்று கணவர் காதோரம் சொன்னார். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

பீரோவின் முறை வந்தது. பழைய சாமான் வியாபாரி ஒருவர் இரும்பு எடைக்குக் கணக்குப் போட்டு நானூறு என்றார். நான் நானூற்றைம்பது என்றேன். ஏறி ஏறி எழுநூற்றில் வந்து நின்றது. அந்த எழுநூறு நான் சொன்னது. வியாபாரி திரும்பி என்னைப் பார்த்தார்.

"சாவி கெடையாதும்மா. தெரிஞ்சுதான் கேக்கியளா?"

"தெரியும் அண்ணாச்சி."

"உடைச்சா கதவு கோணிக்கிடும்."

"கோணுனா கோணட்டும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏலம் விட்டவரிடம், "அந்த அம்மாவே கொண்டு போகட்டும் வே," என்றார். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவும் இல்லை.

கைவண்டியில் பீரோவை ஏற்றி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். வண்டிக்குப் பின்னால் நானும் கணவரும் சாவிக்கார அண்ணாச்சியும் நடந்தோம். ஆனித் திருவிழாத் தேருக்குப் பின்னால் போகிறவர்களுக்குக்கூட அத்தனை பெருமிதம் இருந்திருக்காது. ஆனால் மாடிப்படித் திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் அளந்த நான் கைப்பிடி துருத்திக்கொண்டிருப்பதை அளக்க மறந்துவிட்டேன். சுமை தூக்குகிறவர்கள் மூச்சு வாங்க நிற்க, அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினார். பீரோ சுவரை உரசிக்கொண்டு மேலே போனது.

வெற்றுச் சாவி ஒன்றை மெழுகுவர்த்தியில் கரிபிடிக்கக் காட்டி, துவாரத்தில் விட்டுத் திருகி, கரி அழிந்த இடத்தை அரத்தால் ராவினார். மறுபடி கரி, மறுபடி அரம். கீழ்வீட்டு அம்மா மேலே வந்து எட்டிப் பார்த்தார்கள். "உள்ள பணங்காசு இருந்தாலும் இருக்கும்," என்றார்கள். கடைசியில் பூட்டு கடக்கென்று திரும்பியது.

பணமும் இல்லை, காசும் இல்லை. பழைய பேப்பர் விரித்த நான்கு தட்டு, மூலையில் கரைந்து சிறுத்துப்போன பாச்சை உருண்டை. கதவின் உட்புறம் மேலிருந்து கீழ்வரை ஒரு கண்ணாடி, ஒரு கீறல் இல்லாமல்.

அதுவரை எங்கள் வீட்டில் இருந்தது ஆணியில் தொங்கும் சவரக் கண்ணாடி ஒன்றுதான். முகம் தெரிந்தால் தோள் தெரியாது. அன்றைக்குத்தான் என் வீட்டில் நான் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தேன். சேலைக் கொசுவம் ஒரு பக்கம் ஏறியிருந்தது. கணவர் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கோம்," என்றார்.

பொங்கலுக்கு ஆழ்வார்குறிச்சியிலிருந்து கணவரின் அக்கா வந்தார். அதற்குள் நாங்கள் பீரோவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தோம். பெயிண்ட்கூட, டப்பா நெளிந்திருந்ததால் விலை குறைத்து வாங்கியது.

"புதுசா? எங்க எடுத்திய?"

"ஏலத்துல மதினி. எழுநூறு."

மதினி நம்பவில்லை. கதவைத் திறந்து மூடினார், பின்பக்கம் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எங்க வீட்டுல இருக்கது இதப் போல அஞ்சு மடங்கு வெல. தட்டுனா தகர டப்பா மாதிரி கேக்கும். இனிமே ஏலம்னா எனக்கு ஒரு காயிதம் போடு," என்றார்.

போட்டேன். மறு வருஷம் முக்கூடலில் ஒரு தேக்குக் கட்டில் ஏலத்துக்கு வந்தது. மதினி ஒரேயடியாக நூறு ரூபாய் ஏற்ற வாயெடுத்தார். நான் முழங்கையால் ஒரு இடி இடித்து, இருபத்தைந்து மட்டும் ஏற்றச் சொன்னேன். எதிர்த்துக் கேட்டவர் அதோடு விட்டுவிட்டார். அன்று சாயங்காலமே கட்டில் ஆழ்வார்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தது.