எலும்பு பிடிக்கிற தொண்ணூறு நாட்கள்

பல் வைத்தியசாலையில் பெயர் பதிகிறவனிடம் யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. சிரிக்க முடிந்தால் வந்திருக்கவே மாட்டார்கள். ஊர்காவற்றுறையில் அப்படியொரு சின்ன இடத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். வயது அறுபத்தெட்டு, படித்தது எட்டாம் வகுப்பு. பெயர் பதிவது, டொக்டரின் ஆயுதங்களைக் கிருமி போக அவிப்பது, நாள் எண்ணுவது, நோயாளருக்குப் போன் எடுப்பது, இந்த நான்கும் என் வேலை. முதல் மூன்றில் இதுவரை பிழை வந்ததில்லை. பல்லுக்குத்துக் கண்ட உங்களுக்கு நான்காவதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே இருப்பவர்கள்

மரியதாசர் நெடுந்தீவு ஆள். எழுபத்தொரு வயது, மாடு வளர்ப்பவர். பெரிய வெள்ளியன்று கோயிலில் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாட்டுக்கு முதல் குரல் அவருடையது. கீழ்ப்பல் ஒன்றும் இல்லை. போன வருடம் பாட்டின் நடுவில் கீழ்க் கட்டுப்பல் செற் துள்ளி வெளியே வந்து, முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் பாட்டை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டாராம். இனி செற் துள்ளாமல் பிடித்து வைப்பதற்காகத் தாடையில் இரண்டு திருகாணி பதிக்க வந்தார். எலும்பு பிடிக்கத் தொண்ணூறு நாள். அடுத்த பெரிய வெள்ளி தொண்ணூற்றேழாம் நாள். ஏழு நாள் மிச்சம் என்று எண்ணிச் சொன்னது நான்தான்.

எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்திலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் வரும் இளம் பெண். விளங்கச் சொல்லாமல் கத்தி எடுக்கமாட்டார். எலும்பு கல் இல்லை, அதற்குள் செல் என்கிற உயிருள்ள கலங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் மெல்லிய கைகளை நீட்டிப் பக்கத்திலுள்ளதைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்றார். ஆணி இறங்கியதும் காயப்பட்டவை செய்தி அனுப்பும். அதைக் கேட்டு எலும்பைத் தின்னும் கலங்கள் வந்து, சிதைந்ததைத் தின்று துப்புரவாக்கும். அவை விட்டுப்போகும் செய்தியைக் கேட்டுக் கட்டுகிற கலங்கள் வரும். மரியதாசர் வாயைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மூடிக்கொண்டு சொன்னார்: "அப்ப எங்கடை கோயில் பங்குச் சபையை விட ஒற்றுமையா இருக்கினம்."

நாரந்தனைச் சுருட்டு

அதே மாதம் வயல் செய்யும் நாரந்தனைக் கமக்காரர் ஒருவருக்கும் ஒரு திருகாணி. சுருட்டை விடச் சொன்னதும், வாயில் விடுகிற புகை எலும்புக்குள் என்ன செய்யும் என்று கேட்டார். இரத்தக் குழாய் சுருங்கிவிடும், அந்தக் கலங்கள் வந்துபோவதும் செய்தி அனுப்புவதும் இரத்த ஓட்டத்தை நம்பித்தான், தீவார் படகை நம்புவது போல என்றார் டொக்டர். பன்னிரண்டாம் நாள் காயம் பார்க்க வந்தபோதும் அவரிடம் சுருட்டு மணந்தது. நான் மூக்கைச் சுருக்கியதைக் கண்டுவிட்டார்.

"என்ரை வாய்க்குள்ளை இண்டைக்கும் காத்துக் கடுமை, படகு ஓடேல்லை எண்டு பதிவிலை எழுதும்."

பதினெட்டாம் நாள்

ஆணி இறுக்கிய அன்று பழைய எலும்பின் பிடியில் உறுதியாக நிற்கும். மூன்றாம் கிழமையளவில் தின்பவை அந்தப் பழைய எலும்பைத் தின்றிருக்கும். கட்டுபவை இன்னும் கட்டி முடித்திருக்காது. ஆணி பலம் குறைந்து நிற்பது அப்போதுதான். நோவு போயிருப்பதும் அப்போதுதான். நோவு போனால் சுகம் என்று நீங்களும் நானும் நினைப்போம். ஆகவே பதினெட்டாம் நாள் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, செற் போட்டுக்கொண்டு எதையும் கடிக்கவேண்டாம் என்று சொல்வது என் பொறுப்பு.

எனக்குப் போனில் பேச வராது. சொல்லவேண்டியதை ஒரு கடதாசித் துண்டில் எழுதி, இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். மரியதாசரின் பதினெட்டாம் நாள் போனைத் தூக்கியது அவருடைய மனைவி. பின்னால் ஆட்களின் சத்தம். மூன்று முறை "ஆர்?" என்று கேட்டார். பல்லாஸ்பத்திரி என்றேன். அவரிடமே சொல்லியிருக்கலாம். துண்டு "அண்ணை" என்று தொடங்கியது. அதை அக்காவிடம் எப்படி வாசிப்பது என்று திணறினேன். போன் எடுக்கப்பட்டது, காலை 10.20 என்று பதிவில் எழுதினேன். அது சரியான நேரம். அக்கா சொன்னதை மட்டும் எழுதவில்லை: "அவர் மாட்டோடை நிக்கிறார், பிறகு எடுங்கோ."

மொத்தைச் சத்தம்

முப்பத்துநான்காம் நாள், வரச்சொல்லாமலே மரியதாசர் வந்தார். டொக்டர் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் பிடியால் ஆணியைத் தட்டினார். எலும்பு பிடித்த ஆணி 'கிண்' என்று கேட்கும். இது ஈரப் பலகையில் தட்டியது போல என் மேசைவரை கேட்டது. இரண்டாவதும் அப்படியே.

இருபதாம் நாள் நோவில்லை என்று செற்றைப் போட்டு, ஆணி பிடித்துவிட்டதா என்று பார்க்கப் புழுக்கொடியல் கடித்திருக்கிறார். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு அது, விறகுக்குத் தம்பி. அதைக் கடித்தால்தான் பல் என்பது எங்கள் தீவுகளின் தீர்ப்பு. கிழங்கு முறிந்த சந்தோசத்தில் நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு நாள் கடித்திருக்கிறார். கட்டுகிற நேரத்தில் ஆணி மயிரளவுக்கு மேல் ஆடினால் கலங்களுக்குப் பிழையான செய்தி போகுமாம். எலும்புக்குப் பதிலாக நார்ச் சதையால் சுற்றி மூடிவிடுமாம்.

டொக்டர் பதிவைத் திருப்பி என் எழுத்தைப் பார்த்தார். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

"நீங்கள் எடுத்தனீங்கள் அண்ணை. சொன்னனீங்களோ?"

தொண்ணூற்றேழாம் நாள்

ஆணி இரண்டையும் கழற்றியாயிற்று. குழி ஆறி, மறுபடி பதித்து, மறுபடி தொண்ணூறு எண்ணவேண்டும். பெரிய வெள்ளியன்று குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனேன். நான் சைவம், கோயில் வாசலோடு நின்றேன். வேறு யாரோ பாடினார்கள், நன்றாகத்தான் பாடினார்கள். மரியதாசர் கடைசி வரிசை வாங்கில், வாயைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டு இருந்தார். உதடு மட்டும் லேஞ்சிக்குப் பின்னால் அசைவது தெரிந்தது.

அவர் வெளியே வந்ததும் என் சட்டைப்பையிலிருந்த துண்டை எடுக்காமலே சொன்னேன்: "அண்ணை, நான் பிறகு எடுத்திருக்க வேணும்." அவர் லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நீர் எடுத்தனீர் எண்டு மனுசி அண்டைக்கே சொன்னவள். திருப்பி எடுப்பம் எண்டு நாலு தரம் போனைக் கையிலை எடுத்தனான். எனக்கும் போனிலை கதைக்கக் கூச்சம், தம்பி."

எழுபத்தொரு வயதும் அறுபத்தெட்டு வயதுமான இரண்டு பேர் ஒருவரையொருவர் கூப்பிட வெட்கப்பட்ட அந்தப் பதினாறு நாளும், தாடைக்குள் கலங்கள் மட்டும் ஒரு கூச்சமும் இல்லாமல் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.