மில்லு மண்டபம்

எங்க கல்யாண மண்டபத்துக்கு வாசல்ல பெரிய எழுத்துல ஒரு பேரு போட்டிருக்கு. அந்தப் பேரச் சொல்லி சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுல வழி கேட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. மில்லு மண்டபம்னு கேளுங்க, நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஆட்டோக்காரரு வண்டிய எடுத்துருவாரு. அந்தப் பேரு வந்த கதைய நான்தான் சொல்லணும். கட்டுனவுக சொல்ல மாட்டாக. அவுக வாயில இருந்து ஒரு சொல்லு வாங்குறதுக்குள்ள நமக்குத் தாவு தீந்துரும்.

கட்டுனது என் வீட்டுக்காரவுக. சின்னமனூர்ல வாழைக்காய் மண்டி, வீடு மார்க்கையன்கோட்டையில. மண்டியில தாரு தாரா ஏலம் போகையில தொண்டை கிழியக் கத்துவாக. வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டுனா கூடவே வாயையும் கழட்டி வச்சிருவாக. கல்யாணம் ஆகி இருவது வருசத்துக்கு மேல இப்படித்தான் போச்சு.

மண்டிக்காரவுக கையிலெல்லாம் அப்பத்தான் செல்போன் வந்திருந்துச்சு. என் தம்பிக்கு வடக்க ஒரு பெரிய ஊர்ல சென்ட்ரல் கவர்மென்ட் வேலை. வீடு வாங்கிப் பால் காய்ச்சுறேன், வாங்கன்னான். நானும் இவுகளும் போனோம். விசேசம் முடிஞ்ச மறுநாளு அவனுக்கு ஆபீஸ். இந்தி தெரியாத எங்க ரெண்டு பேரையும் எங்கன விடுறதுன்னு யோசிச்சு, ஆபீஸ் பக்கத்துல இருந்த ஒரு நவீன ஓவிய மியூசியத்துல எறக்கி விட்டுட்டு, சாயங்காலம் வாரேன்னு போயிட்டான். மியூசியம்னா ராசா காலத்து வாளு, பழைய செப்புக்காசு, பஞ்சு அடைச்ச புலி இருக்கும்னு நெனச்சுத்தான் நான் எறங்குனேன்.

கட்டடமே ஒரு தினுசா இருந்துச்சு. கீழ சுவரே இல்ல, வெறும் தூணு. பாவம், பாதியில விட்டுட்டாக போலன்னு நெனச்சேன். மேல போறதுக்குப் படியும் கெடையாது, லாரிக்குச் சரக்கு ஏத்துற மாதிரி ஒரு சரிவு வளைஞ்சு மேல போகுது. நாங்க பழக்கத்துல அந்தச் சரிவுக்குக் கீழ செருப்பக் கழட்டிட்டோம். வாச்மேன் வந்து கையக் கைய ஆட்டி என்னமோ சொன்னாரு. ஒழுங்கா வைக்கச் சொல்றாரு போலன்னு இவுக நாலு செருப்பையும் சேத்து நேரா வச்சாக. அதுக்கு மேல அந்த மனுசன் ஒண்ணும் சொல்லல.

மேல போனா ஜன்னலே இல்லாத வெள்ளைச் சுவரு. ஒரு லைட்டும் எரியல. ஆனா அம்புட்டு வெளிச்சம். எங்கருந்துடா வருதுன்னு அண்ணாந்து பாத்தேன். கூரை ரம்பத்துப் பல்லு மாதிரி ஏறி எறங்குது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி, அதுவும் வடக்கப் பாத்து. அதனால வெயிலு உள்ள விழுகாது, வெளிச்சம் மட்டும் வரும். இதெல்லாம் தம்பி பின்னால சொன்னது. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது, நம்ம நெழலு கூடத் தரையில விழுகலங்கிறது மட்டுந்தான்.

முதக் கூடத்துல கல்லுல ஒரு சிலை. ஆளுமில்ல மாடுமில்ல, நடுவுல ஒரு ஓட்டை. இவுக அத வலமா ஒரு சுத்துச் சுத்துனாக. நானும் பின்னாலயே சுத்துனேன். எந்தச் சாமியா இருந்தா என்ன.

படங்களப் பத்தி உள்ளதச் சொல்றேன், பாதிக்கு மேல எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒண்ணுல முழுக்க நீலம், மூலையில ஒரு சிவப்புப் பொட்டு. இன்னொண்ணுல வெறுங்கோடு. இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய சுவருன்னு மொனகிக்கிட்டே போனேன். கடைசிக் கூடத்துல ஒரு படத்துக்கிட்ட வந்ததும் காலு நின்னு போச்சு. ஒரு அடுப்படி வாசல். உள்ள ஒரு பொம்பள முதுகக் காட்டி நிக்கிறா. கொண்டை அவுந்து கெடக்கு, இடுப்புல ஒரு கை. அம்புட்டுத்தான் படமே. அவ மொகத்தப் பாக்கணும் போல ஒரு தவிப்பு வந்துருச்சு எனக்கு. இந்தப் பக்கம் நகந்தேன், அந்தப் பக்கம் நகந்தேன். சாயங்காலம் வரைக்கும் நின்னாலும் அவ திரும்ப மாட்டான்னு புத்திக்குத் தெரியுது, ஆனா காலு நகர மாட்டேங்குது. கண்ணு ரெண்டும் நெறைஞ்சு போச்சு. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் என்னால சொல்லத் தெரியல.

திரும்பிப் பாத்தா இவுக கொஞ்சந் தள்ளிச் சுவத்தோரமா நிக்கிறாக. கூரையப் பாக்குறாகன்னு நெனச்சேன். மறுநாளும் அங்கனயே போகணும்னு தம்பிகிட்ட அடம் பிடிச்சாக. லீவு போட்டுட்டு வந்த தம்பிய ஒரு தாள்ல அந்தக் கூரைய வரையச் சொல்லி வாங்கிக்கிட்டாக. மதுரைக்கு வார வரைக்கும் ரயில்ல அந்தத் தாளையே விரிச்சு வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசல.

மண்டபம் கட்டணும்னு ரொம்ப நாளாவே பேச்சு இருந்துச்சு. ரோட்டோரத் தோப்புல அஸ்திவாரம் தோண்டுனாக. எங்க பக்கம் மண்டபம்னா வாசல்ல ரெண்டு யானை மாலையோட நிக்கணும், நெத்தியில லட்சுமி இருக்கணும், உள்ள ரோஸ் கலரு அடிச்சிருக்கணும். இவுக எதுவும் வேண்டாம்னுட்டாக. கீழ தூணு விட்டுப் பந்தி, மேல போக ஒரு சரிவு, மேல ஜன்னல் இல்லாத வெள்ளைக் கூடம், அதுக்கு ரம்பப் பல்லுக் கூரை. தேனியில இருந்து வந்த இஞ்சினியரு, அண்ணாச்சி இது மில்லு செட்டு மாதிரி ஆயிரும்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. ஒரே ஒரு யானையாச்சும் வைங்கன்னு நானும் கெஞ்சிப் பாத்தேன். ம்ஹூம்.

கூரை ஏறவும் இஞ்சினியரு சொன்னதுதான் நடந்துச்சு. தேனிப் பக்கம் நூல்மில்லு அம்புட்டும் இதே கூரைதானே. பஸ்ஸுல போறவுக எட்டிப் பாத்து, நூல் நூக்குற கதிரு எத்தன ஓடப்போகுதுன்னு கேட்டாக. ஒரு நாளு பொம்பளப் பிள்ளைக நாலஞ்சு, பாஸ்போட் சைசு போட்டோவும் கையுமா வந்து, வேலைக்கு ஆள் எடுக்குறீகளான்னு கேட்டுச்சுக. மில்லு இல்லத்தா, கல்யாண மண்டபம்னேன். குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லுங்க மதினின்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போச்சுக.

ஆவணி வந்துச்சு, தை வந்துச்சு. ஒரு தேதி கூடப் பதியல. பாக்க வந்தவுகளும் உள்ள நின்னு ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு போயிட்டாக. கடைசியா ஒரு மில்லுக்காரரு வந்து, பஞ்சு குடோனுக்கு வாடகைக்குத் தாரீகளான்னாரு. யோசிச்சுச் சொல்றேன்னாக இவுக. அதுக்கப்புறம் மண்டியில கூட அவுக சத்தம் கேக்கலன்னு வேலையாளு வந்து என்கிட்டச் சொன்னான்.

அந்த நேரம் பாத்து மகளுக்கு இடம் அமைஞ்சுச்சு. மாப்பிள்ளை வீடு தேவாரத்துல. நல்ல சனம், ஆனா மில்லுக்குள்ள வச்சாக் கல்யாணம் பண்ணுவாக, தேனியில ஒரு நல்ல மண்டபமாப் பாருங்கன்னு சம்மந்தியம்மா முகத்துக்கு நேராச் சொல்லிட்டாக. கூடப் படிச்ச பிள்ளைக சிரிக்கும்மான்னு மகளும் கண்ணக் கசக்குனா. நானும் மக பக்கம் சாஞ்சேன். மண்டபக்காரரு மகளே வேற மண்டபத்துல கழுத்த நீட்டுனா அதுக்கப்புறம் எவ வருவா? பஞ்சு மூட்டைதான் வரும். இது எல்லாருக்கும் தெரியும், இவுகளுக்கும் தெரியும். உங்க இஷ்டம்னு மட்டுஞ் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக.

மறுநா காலையில பலகாரஞ் சாப்பிட வீட்டுக்கு வரல. தூக்குச் சட்டியோட மண்டபத்துக்குப் போனேன். மேல கூடத்துல மேடை விளிம்புல தன்னந்தனியா உக்காந்திருந்தாக. பாக்கப் பாக்க எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, பத்திக்கிட்டும் வந்துச்சு. ஊரே சிரிக்குது, ஒரு யானை வச்சிருந்தாக் கொறைஞ்சா போயிருவீக, போயும் போயும் அந்தக் கூரையில என்னத்தக் கண்டீகன்னு நல்லாக் கேட்டு விட்டேன். எப்பவும் போல வாய மூடிக்கிருவாகன்னுதான் நெனச்சேன்.

"கூரைய யாரு பாத்தா?"ன்னாக. "அங்கன நீ ஒரு படத்துக்கு முன்னால நின்னேல்ல. நான் உன் மொகத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். நம்ம முகூர்த்தம் விடியாத நேரம். பெட்ரோமாக்ஸ் பொகையில நீ தலையத் தூக்கவே இல்ல. அப்புறமும் எந்நேரமும் அடுப்படி இருட்டு. இதுதான் உன் மொகம்னு எனக்கு அங்கனதான் தெரிஞ்சுச்சு. நம்ம ஊருப் பிள்ளைகளக் கட்டிக்கிறவனாச்சும் மொத நாளே பாத்துக்கிரட்டும்னு நெனச்சேன்."

இட்லி ஆறுது சாப்பிடுங்கன்னேன். சரிவுல எறங்கி வரையில ஒரு தூணப் பிடிச்சு நின்னு அழுதுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அன்னைக்கே தேவாரத்துக்குப் போன் போட்டு, கல்யாணம் எங்க மண்டபத்துலதான், வேற பேச்சு இல்லன்னேன். சம்மந்தியம்மா யானையாவது இருக்கணும்னாக. சரி, தெர்மகோல்ல ரெண்டு யானை அறுத்து வாசல்ல நிப்பாட்டுறோம்னு ஒத்துக்கிட்டேன். மக ரெண்டு நாளு என்கூடப் பேசல. மூணாம் நாளு காலையில முகூர்த்தச் சேலையத் தோள்ல போட்டுவிட்டு அவளக் கூடத்துக்குக் கூட்டிப்போயி, கையில ஒரு கண்ணாடியக் குடுத்தேன். இப்படித் திரும்பிப் பாத்தா, அப்படித் திரும்பிப் பாத்தா. எத்தன மணிக்கும்மா முகூர்த்தம்னு கேட்டா.

ஒம்பதுக்கு மேல பத்தரைக்குள்ள. கல்யாணத்தன்னைக்குக் கெழடு கட்டைக கூட முழங்கால் வலின்னு மொனகாம சரிவுல ஏறி வந்துட்டாக. வீடியோக்காரத் தம்பி பெரிய லைட்டத் தூக்கிட்டு வந்து போட்டுப் பாத்துட்டு, இது தேவைப்படாதுன்னு அவனே அணைச்சுட்டான். மக தலை நிமிந்து உக்காந்திருந்தா. மாப்பிள்ளைக்கு மந்திரத்துல கவனமே இல்ல, அவ மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. தேவாரத்துச் சனம் அண்ணாந்து அண்ணாந்து பாத்துச்சு. சம்மந்தியம்மா என் காதுல, எங்க சின்ன மகளுக்கும் இங்கனயே தேதி போட்டு வைங்கன்னாக.

தாலி ஏறவும் மேளம் கொட்டவும் எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. தொடைச்சுட்டுத் திரும்புனா, இவுக வெள்ளைச் சுவத்தோரமா தள்ளி நிக்கிறாக. மேடையப் பாக்கல.

"பொண்ணு அங்கன இருக்கா, அங்க பாருங்க"ன்னேன்.

"அவளப் பாக்கத்தான் அவன் வந்துட்டான்ல"ன்னாக.